அமாலியா சீமாட்டிக்கு இரண்டாவது மெத்தை

பாக்ஸ்வெல், நார்ஃபோக்
ஜூலை 28

மதிப்பிற்குரிய அக்கா திருமதி ஹெஸ்டர் அட்டிங் அவர்களுக்கு,

உன் தம்பி லயனல் ஃபிஞ்ச்சம் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பிக்கைதான், தகவல் எதுவும் இல்லை. உன் கணவர் திரு. அட்டிங்குக்கு என் முறையான வணக்கத்தைத் தெரிவிக்கவும். என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமலே அடுப்பில் போட உனக்குக் கை துறுதுறுக்கும் என்று தெரியும். அதனால்தான் முகவரியைப் பள்ளிக்கூடத்துத் தட்டச்சு இயந்திரத்தில் அடித்து ஒட்டினேன். உள்ளே வந்துவிட்டாய், இனி படித்துவிடு.

பதினொரு வருடம் எழுதாதவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்றால், ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. உன்னால் ஒரு மெத்தை தைத்துத் தர முடியுமா? படுக்கிற மெத்தை இல்லை. ஆலயத்தில் ஜெபத்தின்போது முழங்காலுக்கு அடியில் போட்டுக்கொள்கிற சின்ன மெத்தை. ஒன்றே ஒன்று. செப்டம்பர் பதினான்காம் தேதிக்குள். முடியாது என்று சொல்வதற்கு முன்னால் முழுவதையும் படி. படித்த பிறகு சொல்.

இளவரசர் லயனல் நம் ஊருக்கு வருகிறார். ஆலயத்துக் கோபுரத்தைப் பழுதுபார்த்து முடித்துவிட்டார்கள், அதைத் திறந்துவைக்க. எந்த லயனல் என்று கேட்காதே. அம்மா யாரை நினைத்து எனக்குப் பெயர் வைத்தாளோ அதே லயனல்தான். அவர் பிறந்த அன்று லண்டனில் பீரங்கி முழங்கியது. நான்கு நாள் கழித்து நான் பிறந்தபோது பின்கட்டில் கோழி கத்தியது. பத்திரிகையில் வந்த தொட்டில் படத்தை அம்மா வெட்டி ஆல்பத்தில் ஒட்டி, அதே பக்கத்தின் ஓரத்தில் என் எடையைப் பென்சிலால் குறித்து வைத்தாள். அன்றைக்குத் தொடங்கியது எங்கள் இருவருக்கும் நடுவிலான போட்டி. அவருக்கு அது தெரியாது என்பது வேறு விஷயம். எட்டு வயதில் அவருக்கு மட்டக்குதிரை கிடைத்தது, எனக்குப் பொன்னுக்கு வீங்கி. பதின்மூன்றில் அவரைக் கடற்படைப் பள்ளியில் சேர்த்தார்கள். கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்தார் என்பதற்காகத் தரைப்படைக்கு மாற்றினார்கள். எனக்கும் பேருந்தில் ஏறினால் வாந்தி வரும். என்னை யாரும் எதற்கும் மாற்றவில்லை. இருபத்தெட்டு வயதில் அவர் ஒரு தீவுக்கே ஆளுநர், நான் நான்காம் படிவத்துக்கு லத்தீன் வாத்தியார். அவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும் செய்துகொள்ளவில்லை. அவர் வண்டு சேகரிக்கிறார். நான் மனத்தாங்கல் சேகரிக்கிறேன் என்று நீ ஒரு தடவை சொன்னாய், அதையும் சேர்த்து வைத்திருக்கிறேன். இன்று வரை முந்நூற்றுப் பன்னிரண்டு பாலங்களையும் கட்டடங்களையும் அவர் திறந்துவைத்திருக்கிறார். நான் திறக்க ஆசைப்பட்டது ஒரே ஒரு கதவு, எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் அறைக் கதவு. மூன்று தடவை விண்ணப்பம் போட்டேன். மூன்றாவது தடவை அதை உடற்பயிற்சி ஆசிரியருக்குக் கொடுத்தார்கள். லத்தீன் என்பது எங்கேயோ தெற்கே இருக்கிற நாடு என்று எண்ணிக்கொண்டிருப்பவர் அவர்.

நானும் இளவரசரும் ஒரே ஒரு தடவை சந்தித்திருக்கிறோம். உனக்கு மறந்திருக்காது. எனக்குப் பன்னிரண்டு வயது, உனக்குப் பதினைந்து. அவருடைய ரயில் நம் பக்கமாகப் போகிறது என்று அம்மா நம் இருவரையும் இழுத்துக்கொண்டு போய் நடைமேடையில் இரண்டு மணி நேரம் நிறுத்தினாள். ரயில் நிற்கவில்லை. கடைசிப் பெட்டி ஜன்னலில் ஒரு கை அசைந்தது. நானும் அசைத்தேன். வீடு திரும்பும் வழியெல்லாம் நான் ஆகாயத்தில் நடந்து வந்தேன். நம் வீட்டு வாசலில் வைத்து நீதான் சொன்னாய்: "அது சமையல்காரரோட கை, ராஜா. மாவு ஒட்டியிருந்துச்சு." நாற்பத்திரண்டு வருடம் ஆகிறது. அந்த மாவு இன்னும் என் நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆகவே இளவரசர் வருகிறார் என்று போதகர் கிரிம்ஸ்டன் ஏப்ரலில் அறிவித்தபோது, என் ஆயுளில் ஒரே ஒரு தடவை நல்லது நடக்கப்போகிறது என்று நினைத்தேன். கூட்டம் போட்டார்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள். தோரணம் கட்டலாம் என்றார் ஒருவர். கேக் செய்யலாம் என்றார்கள் எல்லாரும். நான் எழுந்து, ஆலயத்து முழங்கால் மெத்தைகள் எலி கடித்துக் கிடக்கின்றன, அவற்றுக்குப் பதிலாக இளவரசரின் வம்சத்தையே தைத்து வைக்கலாம் என்றேன். கணக்கு இதுதான்: ஒருவருக்குத் தாத்தா பாட்டி நான்கு பேர், கொள்ளுத் தாத்தா கொள்ளுப் பாட்டி எட்டுப் பேர், எள்ளுத் தாத்தா எள்ளுப் பாட்டி பதினாறு பேர். நம் ஆலயத்து முன்வரிசையில் வலப்பக்கம் எட்டு இடம், இடப்பக்கம் எட்டு இடம். வலப்பக்கம் தகப்பன் வழி, இடப்பக்கம் தாய் வழி. ஒவ்வொரு மெத்தையிலும் ஒருவருடைய குலச்சின்னம். இளவரசர் நடுவில் நடந்து வந்தால் சொந்த வம்சமே இருபுறமும் நின்று வரவேற்கிற மாதிரி இருக்கும். பாக்ஸ்வெல்லில் நான் சொன்ன ஒன்றை எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை. தையல் பெண்கள் சங்கத்துத் தலைவி திருமதி கெடிங்டன்கூட, "சார் இத்தன வருஷம் இத உள்ளயே வெச்சுக்கிட்டா இருந்தாரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதாகக் கேள்வி.

அதோடு நல்லது முடிந்துவிட்டது. இனி வருவதெல்லாம் நடந்தது நடந்தபடி.

முதலில் நூல். சிங்கங்களுக்குச் சிவப்புக் கம்பளி நூல் வேண்டும் என்று எழுதிப் போட்டோம், கடைக்காரர் பாதிக்குச் சிவப்பும் பாதிக்கு ரோஜா நிறமும் அனுப்பிவிட்டார், அதனால் தகப்பன் வழிச் சிங்கங்கள் இடுப்புக்கு மேல் வீரமாகவும் இடுப்புக்குக் கீழ் குளித்துவிட்டு வந்த குழந்தை மாதிரியும் இருக்கின்றன; அதைச் சரிசெய்வதற்குள் மிஸ் டிபென்ஹம், சிங்கத்தை நேரில் பார்த்ததில்லை என்பதால் தன் வீட்டுப் பூனையை மேஜை மேல் உட்கார வைத்து அதைப் பார்த்தே தைத்துவிட்டார், போர்க்களத்தில் மூன்று தடவை வென்ற ஒரு பிரபுவின் குலச்சின்னம் இப்போது பால் கிண்ணத்துக்காகக் காத்திருக்கிறது. நான் அதைச் சுட்டிக்காட்டினேன். தவறா? மிஸ் டிபென்ஹம் அழுதார், பூனை என்னைப் பிறாண்டியது, போதகர் வந்து இரண்டு பேரையும் சமாதானம் செய்தார். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் மேஜர் பிரண்டிஷ். அவரை உனக்குத் தெரியும், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பிரசங்கத்தின்போது கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பாரே, அவர்தான். முதல் ஐந்து மெத்தைகளை வரிசையில் போட்ட ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, "ராஜ வம்சத்துச் சின்னத்து மேல முட்டிய வெக்கறதா? நான் உசுரோட இருக்கற வரைக்கும் நடக்காது" என்றார். மெத்தை வேறு எதற்குத்தான் இருக்கிறது என்று கேட்டேன். மரியாதைக்கு என்றார். இது ஊர்ச் சபை வரை போயிற்று. முழங்காலை வைக்கலாம், ஆனால் முழு எடையையும் போடக் கூடாது என்று ஐந்துக்கு நான்கு வாக்கில் தீர்மானமாயிற்று. அடுத்த ஞாயிறு போதகர் "ஜெபிப்போம்" என்றார். முன்வரிசை முழுவதும் பாதி இறங்கி, பாதி இறங்காமல், காற்றில் தொங்கிக்கொண்டு கர்த்தருடைய ஜெபத்தைச் சொன்னது. "ஆமென்" வரும்போது மூன்று பேருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

இத்தனையையும் நான் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது அமாலியா.

வெல்டன்பெர்க் சீமாட்டி அமாலியா, இளவரசரின் எள்ளுப் பாட்டிகளில் ஒருவர். கோபுரத்தின் மேல் எழுந்து நிற்கிற கரடி அவர் சின்னம். அவருக்கு இரண்டு கல்யாணம். முதல் கணவர் ஒரு விருந்தில் கெட்டுப்போன சிப்பி சாப்பிட்டு இறந்தார். இரண்டாவது கணவர் அதே விருந்துக்கு வந்திருந்து சிப்பி சாப்பிடாதவர். முதல் கல்யாணத்தில் பிறந்த மகள் வழியில் வந்தவர் இளவரசரின் தகப்பனார். இரண்டாவதில் பிறந்த மகன் வழியில் வந்தவர் தாயார். அரச குடும்பங்களில் சொந்தத்துக்குள் கொடுத்து வாங்கியதால் இப்படி ஆகும். ஆகவே அமாலியா தகப்பன் வழியிலும் வருகிறார், தாய் வழியிலும் வருகிறார். வலப்பக்கம் ஒரு மெத்தை, இடப்பக்கம் ஒரு மெத்தை. இதில் குழப்பம் எங்கே இருக்கிறது? பதினைந்து மெத்தையும் முடிந்து, ஜூன் கடைசியில் பதினாறாவது மெத்தைக்கான படத்தைத் திருமதி கெடிங்டனிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி ஒரு தடவை, இறக்கி ஒரு தடவை பார்த்தார்.

"இந்தக் கரடியம்மாவ நான் மே மாசமே தைச்சு முடிச்சாச்சே, சார்."

"அது தகப்பன் வழி. இது தாய் வழி."

"ரெண்டும் ஒரே பொம்பளதான?"

"ஒரே சீமாட்டிதான்."

"அப்ப அந்தம்மாவுக்கு மெத்த ஒண்ணு போதும். நமக்கெல்லாம் ஒண்ணுதான இருக்கு."

இடம் வேறு, ஆள் வேறு என்று நான் பொறுமையாக விளக்கினேன். வம்ச வரைபடத்தில் பதினாறு கட்டம் இருக்கிறது. ஒரே ஆள் இரண்டு கட்டத்தில் வந்தால் இரண்டு தடவை எழுதுவதுதான் முறை. எந்த நூலகத்தில் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். கரும்பலகையில் போட்டுக் காட்டலாமா என்றும் கேட்டேன். அந்தக் கடைசிக் கேள்வியைத் தவிர்த்திருக்கலாம். அவர் ஊசியைப் பஞ்சில் குத்தி வைத்துவிட்டு, மற்ற பெண்களும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார்: "ஒரு மனுசனுக்குப் பதினஞ்சு பேருதான் இருக்காங்கன்னா பதினஞ்சுன்னே இருக்கட்டும் சார். அது அவரு குத்தமும் இல்ல, உங்க குத்தமும் இல்ல. இல்லாத ஆள எதுக்கு இருக்குன்னு காட்டணும்?" பதினோரு பெண்கள் வரிசையாக ஊசியைக் கீழே வைத்தார்கள். ஒரு கரடிக்கு அறுபது மணி நேரம் ஆகுமாம். அதையே திரும்பத் தைக்க அவர்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லையாம்.

இடப்பக்க முன்வரிசையில், நடைபாதையை ஒட்டிய முதல் இடம் காலியாக இருக்கிறது. இளவரசர் உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படப்போவது அந்தப் பொத்தல்தான். அதன் பக்கத்தில்தான் என்னை நிறுத்துவதாக ஏற்பாடு. வரைபடத்தை விளக்கிச் சொல்ல. அந்த இடத்தில் வெறும் நீல மெத்தை போடலாம் என்றார் ஒருவர். மேஜர் தன் இறந்துபோன நாயைத் தைக்கலாம் என்றார். எல்லாவற்றையும் மறுத்துவிட்டு, நானே தைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா, நான் தைத்தேன். ஐந்து நாள், பள்ளி விட்டதும் ஆலயத்து உடுப்பு அறையில் உட்கார்ந்து, மடியில் அமாலியாவை வைத்துக்கொண்டு தைத்தேன். கரடிக்கு மூன்று காது வந்தது. ஒன்றைப் பிரித்தேன், மூன்றும் கையோடு பிரிந்து வந்துவிட்டன. ஐந்தாம் நாள் போதகர் கதவைத் திறந்து, தேநீர் ஆறுகிறது என்று கூப்பிட்டார், எழுந்தேன், அமாலியாவும் கூடவே எழுந்தார். என் கால்சட்டையின் தொடைப்பக்கத்தோடு சேர்த்து அவரை நான் உறுதியாகத் தைத்திருந்தேன். கரடி தவறாக வந்திருக்கலாம், ஆனால் அந்தத் தையல் மட்டும் பிரியவே இல்லை. போதகர் கத்தரிக்கோல் கொண்டுவந்து மண்டியிட்டு என்னை விடுவிக்க வேண்டியதாயிற்று. பாதி வெட்டும்போது, தலையைத் தூக்காமலே அவர் சொன்னார்: "பலிபீடத்து விரிப்புல உங்க அக்காவோட கைவேல இன்னும் அப்படியே இருக்கு சார். ஒரு இழ பிரியல." இன்னொரு தையலை வெட்டினார். "ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன். மிஞ்சிப்போனா இல்லம்பாங்க. இப்பவும் இல்லதான?"

கால்சட்டை வெட்டுப்பட்டுக்கொண்டிருக்கும்போது மனிதனுக்குப் பதில் சொல்ல வராது.

இப்போது அந்தக் கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன். வராமல் முடியாது என்று எனக்கும் தெரியும். அன்றைக்கு உன் கல்யாண விருந்தில் மணப்பெண்ணின் சார்பில் பேச வேறு யாரும் இல்லாததால் நான் எழுந்தேன். ஃபிஞ்ச்சம் குடும்பத்தின் ஆறு தலைமுறையை வாசித்தேன். மீன்பிடிக்கிறவர்களும் மீனைப் புகையில் காயவைத்துப் பதப்படுத்துகிறவர்களும் நிறைந்திருந்த கூடத்தில், நம் பாட்டனாரின் கல்லறையில் பொறித்திருக்கிற லத்தீன் வாக்கியத்தையும் சொன்னேன். அவர்கள் கைதட்டினார்கள்; அதை நீ மறந்துவிட்டாய். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, உங்கள் வம்சம் எது வரைக்கும் தெரியும் என்று கேட்டேன். வரலாற்றில் ஆர்வமுள்ளவன் கேட்கக்கூடிய கேள்விதான். அவர் கையில் இருந்த தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்று, மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "எங்கப்பா வரைக்கும் தெரியுங்க. அவரு கடலுக்குப் போனாரு, திரும்பல. அதுக்கு மேல யாரும் எழுதி வெக்கலைங்க." நீ கேக் வெட்டுகிற கத்தியை மேஜை மேல் வைத்துவிட்டு என்னிடம் கேட்டாய்: "ராஜா, உனக்கு ரயில் எத்தன மணிக்கு?" வாசல் வரைக்கும் வந்து இன்னொன்றும் சொன்னாய்: "அவர முறை சொல்லிக் கூப்புட உனக்கு எப்ப வாய் வருதோ, அன்னிக்கு எழுது. அதுக்கு முன்னால வேணாம்."

அந்த முறையை நான் சொல்லப்போவதில்லை. அதை மட்டும் எதிர்பார்க்காதே. ஐம்பத்து நான்கு வயதில் ஒருவனுக்குப் புதிதாக வாய் வராது. திரு. அட்டிங் என்றுதான் எழுதுவேன், அதில் ஓர் அவமரியாதையும் இல்லை. ஆனால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பேச்சைத் தயார் செய்ய நான் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். அந்த மூன்று வாரமும் நீ உன் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாய். இருபது வருடம் எனக்குச் சமைத்துப் போட்ட கை பெட்டிக்குப் பூட்டுப் போடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே எழுதிய பேச்சு அது. நன்றாக வந்திருக்க வாய்ப்பில்லை.

விவரங்கள்: கரடி இடப்பக்கம் பார்க்க வேண்டும், தாய் வழி என்பதால். படத்தை இணைத்திருக்கிறேன். நூல் இங்கே இருக்கிறது, பழுப்பு நிறம் சரியாகவே வந்திருக்கிறது. தைத்துத் தபாலில் அனுப்பலாம், ஆனால் தபாலில் கரடி நசுங்கிவிடும் என்று அஞ்சுகிறேன். இங்கே வந்து தைத்தால் இரண்டு வாரத்தில் முடியும். உன் அறை அப்படியே இருக்கிறது. அப்படியே என்றால், என் பழைய விடைத்தாள் கட்டுகளை எடுத்துவிட்டால் அப்படியே இருக்கும். சனிக்கிழமை எடுத்துவிடுகிறேன். நீ வருவதாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் எடுக்க வேண்டியவைதான். தோட்டத்தில் நீ வைத்த கூஸ்பெர்ரிச் செடி இந்த வருடம் தாறுமாறாகக் காய்த்திருக்கிறது. அதைப் பறித்து ஜாம் போட எனக்குத் தெரியாது, பறவைகளுக்குத்தான் கொண்டாட்டம்.

இளவரசரைப் பார்த்ததும் நான் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். நான்கு வாக்கியம். நடைமேடை பற்றி அதில் ஒன்றுமில்லை. அவர் கை கொடுத்தால், மாவு ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். நீயும் பக்கத்தில் நின்றால் சேர்ந்தே பார்க்கலாம்.

உங்கள் இல்லத்தில் நோய் நொடி அண்டாமல், போகிற படகெல்லாம் முழுதாகத் திரும்பி வந்து, குளிர்காலம் லேசாகக் கழிய ஆண்டவரை வேண்டிக்கொள்ளும்,

உன் தம்பி
லயனல் ஃபிஞ்ச்சம்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து உறையில் போட்டு, நாக்கால் தடவப் போகிற நேரத்தில் போதகர் மிதிவண்டியில் வந்தார். தலையில் தொப்பி இல்லை. இளவரசர் லயனல் வரவில்லை. குதிரையிலிருந்து விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டாராம். கிறிஸ்துமஸ் வரைக்கும் எதையும் திறந்துவைக்கக் கூடாதாம். அவருக்குப் பதிலாக அவருடைய சித்தப்பா மகன் இளவரசர் ஆம்ப்ரோஸ் வருகிறார்.

ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். பிறகு காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். இருவருடைய தகப்பனார்களும் கூடப்பிறந்தவர்கள். ஆகவே வலப்பக்கத்து எட்டு மெத்தையும் பிழைத்தது, பூனைச் சிங்கம் உட்பட. இடப்பக்கம் முழுவதும் போயிற்று. தாய் வேறு. அமாலியா தகப்பன் வழியில் ஒரே ஒரு தடவைதான் வருகிறார். அவருக்கு ஒரு மெத்தை போதும். திருமதி கெடிங்டன் சொன்னதுபோல் ஆகிவிட்டது. அவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். சிரிக்கவில்லை; "உக்காருங்க சார், தேநீர் போடறேன்" என்றார். நன்றாகப் போடுகிறார்.

ஆம்ப்ரோஸின் தாயாரை உனக்கு நினைவிருக்கும். போரில் அடிபட்டுக் கிடந்த இளைய இளவரசருக்குக் கட்டுப் போட வந்து, அவரையே கட்டிக்கொண்ட நர்ஸ் பெண். அந்தக் கல்யாணம் அரச வம்சத்துக்கு இழுக்கு என்று மாவட்டப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியது நான்தான். முழுப் பெயரோடு போட்டிருந்தார்கள். ஆல்பத்தில் அதையும் ஒட்டி வைத்திருந்தேன். இன்று மாலை எடுத்துவிட்டேன்.

அந்த அம்மாள் வழியில் இடப்பக்கத்துக்கு எட்டுப் பேர் வேண்டும். இளவரசரின் அலுவலகத்துக்குப் போதகர் தொலைபேசியில் கேட்டு, அவர்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டு வந்திருந்தார். ஒருவர் ரொட்டி சுட்டவர். ஒருவர் செங்கல் அறுத்தவர். ஒரு அம்மாள் துணி வெளுத்தவர், ஒரு அம்மாள் வலை பின்னியவர். ஒருவர் உங்கள் லோஸ்டாஃப்டில், உங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஹெர்ரிங் மீனுக்குப் புகை போட்டவர். மற்ற மூன்று பேரைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லையாம். அந்த வரியை நான் இரண்டு மூன்று தடவை படித்தேன். எந்த நூலகத்திலும் கிடைக்காது. அந்த மூவருக்கும் வெறும் கடலை மட்டும் தைக்கலாம் என்று திருமதி கெடிங்டன் சொல்கிறார். அது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. பெண்கள் எல்லாரும் ஊசியை எடுத்துவிட்டார்கள். ரொட்டியும் செங்கலும் கை பழகின பொருள், கரடியைவிட எவ்வளவோ மேல் என்கிறார்கள். பழைய இடப்பக்கத்து ஏழு மெத்தைகள் இனி வருகிறவருக்கு முன்னோர் இல்லை என்பதால், அவற்றின் மேல் முழு எடையையும் போடலாம் என்று மேஜர் அனுமதி கொடுத்துவிட்டார். அவரே முதலில் மண்டியிட்டார். எழுப்பி விட இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஆகவே மேலே நான் கேட்ட மெத்தை வேண்டாம். எட்டு வேண்டும். இரண்டு வாரம் என்று எழுதியதை ஏழு வாரம் என்று திருத்திப் படித்துக்கொள். விடைத்தாள் கட்டுகளைச் சனிக்கிழமை வரை காக்க வைக்காமல் இப்போதே கூடத்துக்கு மாற்றிவிட்டேன். அந்த ரயிலில் அசைந்த கை சமையல்காரருடையதாகவே இருந்திருக்கலாம். அவரும் நமக்காகத்தானே கை அசைத்தார்.

ஒரு சந்தேகம். ஹெர்ரிங் மீனுக்கு முதுகில் துடுப்பு ஒன்றா, இரண்டா? என்னிடம் இருக்கிற புத்தகங்களில் அதை நெய்யில் பொரிப்பது எப்படி என்றுதான் இருக்கிறது. அத்தானைக் கேட்டுச் சொல். கடிதத்தில் விளங்காது என்றால் அத்தானையும் கூட்டிக்கொண்டு வா. அத்தான் கையில் ஒரு மீனைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தால்தான் இந்தப் பெண்கள் பூனையை விட்டுவிட்டு மீனைத் தைப்பார்கள்.